மலையடிவாரத்துப் பியரையும் சைடரையும் சுவைத்தறியும் முறை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரிலிருந்து கொலம்பியா ஆற்றை ஒட்டிக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் ஹுட் ரிவர் என்னும் சிற்றூர் வரும். எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் அது. தெற்கே 3,429 மீட்டர் உயரத்தில் பனி மூடிய மவுண்ட் ஹுட் நிற்கிறது. ஆற்றுக்கு அக்கரையில், வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் ஆடம்ஸ் தெரிகிறது. ஊர் ஆற்றங்கரையில் தாழ்வாகத்தான் அமைந்திருக்கிறது என்றாலும், அதன் குடிநீரையும் பழத்தோட்டங்களையும் மலையே பார்த்துக்கொள்கிறது. 1987இல் பழங்களை டப்பாவில் அடைக்கும் பழைய ஆலை ஒன்றில் ஃபுல் செயில் ப்ரூவரி (பியர் காய்ச்சும் ஆலை) தொடங்கியது; 2007இல் டபுள் மவுண்டனும் 2012இல் ஃப்ரீமும் வந்தன. இவற்றுள் டபுள் மவுண்டன் பியரோடு, ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துப் பெறும் சைடரும் செய்கிறது என்பதால், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துச் சுவைக்கக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வேறு எந்த மலையூர் ப்ரூவரிக்குச் சென்றாலும் இதே முறை பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பியரைப் பற்றிப் பேசுவதற்கென்று ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் உருவாக்கிய சொற்பட்டியல்கள் பல உண்டு. அவற்றில் பாதி, நம்மில் பலர் வாயில் வைத்தேயிராத காட்டுப்பழங்களின் பெயர்கள். அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால் நாக்கு கூர்மை அடையாது. நம் சமையலறையில் வெல்லப்பாகு, வறுத்த மல்லி, நார்த்தங்காய்த் தோல், கிராம்பு, சுண்டைக்காய், நாவல்பழம் என்று பல நூறு மணங்களும் சுவைகளும் ஏற்கெனவே பெயரோடு இருக்கின்றன. குவளையில் இருப்பதை அந்தப் பெயர்களால் அடையாளம் காணப் பழகுவதே என் முறை. மேலும், அறுசுவையில் துவர்ப்புக்குத் தனியிடம் கொடுத்த மொழி நம்முடையது. சைடரைச் சுவைக்கும்போது அது எவ்வளவு பெரிய உதவி என்பது பின்னால் விளங்கும்.

செல்வதற்கு முன்

முற்பகலின் பிற்பகுதியோ மதிய உணவுக்குச் சற்று முந்தைய நேரமோ நல்லது. அப்போது நாக்கு களைத்திருக்காது, கூட்டமும் குறைவாக இருக்கும். காரமான உணவு, காபி, வெற்றிலை, புதினா மிட்டாய் ஆகியவற்றைக் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டோ தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டோ போவது நமக்கு மட்டுமல்ல, பக்கத்து மேசைக்காரருக்கும் இடைஞ்சல். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. இட்லி, தயிர்சாதம் போன்ற சாதுவான உணவு போதும்.

இங்கே மது அருந்துவதற்கான வயது 21. அடையாள அட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். பிறகு, கணக்கு. சுவைத்துப் பார்ப்பதற்கென்று ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு குவளைகளை ஒரு பலகையில் வரிசையாக வைத்துத் தருவார்கள். அதற்கு ஃப்ளைட் என்று பெயர். குவளைகள் சிறியவை என்பதால் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. 6 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஆறு குவளைகளைக் குடித்து முடித்தால் உடலுக்குள் போவது ஏறக்குறைய 34 கிராம் ஆல்கஹால். ஒரு முழு பியர் என்று அமெரிக்காவில் கணக்கிடப்படும் 14 கிராமைப் போல் இரண்டரை மடங்குக்கு நெருக்கம். எனவே ஒரு ஃப்ளைட்டை இருவர் பகிர்ந்துகொள்வதே சரி. நாலாவது குவளைக்குப் பிறகு நாக்கு சொல்வதை நம்ப முடியாது என்பதும் இதற்கு ஒரு காரணம். போர்ட்லாந்திலிருந்து ஹுட் ரிவருக்குப் பேருந்து ஓடுகிறது. ஆற்றோரச் சாலை வளைந்தும் காற்று வீசியும் இருப்பதால், குடிக்கப் போகிறவர் கார் ஓட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

வரிசை

நான் முதன்முதலில் இந்த ஊருக்கு வந்தபோது, புகழ்பெற்றது எது என்று கேட்டு, ஹாப் லாவா என்னும் ஐ.பி.ஏ.வை (கைப்பு மிகுந்த பியர் வகை) முதலில் வாங்கிக் குடித்தேன். அதன் கைப்பு நாவில் நின்றிருந்தபோதே கோல்ஷ் என்னும் மென்மையான ஜெர்மானிய வகை பியரை எடுத்தேன். அது வெறும் சோடாவைப் போல் தோன்றியது. மறுநாள் அதே கோல்ஷை வரிசையில் முதலாவதாக வைத்துக் குடித்தபோதுதான், புதிதாகச் சுட்ட ரொட்டியின் மணமும் மெல்லிய பழவாசமும் அதில் இருப்பதை அறிந்தேன். லட்டு தின்ற வாய்க்குக் காபி எப்படிக் கசக்குமோ, அப்படி ஒவ்வொரு குவளையும் அடுத்ததன் சுவையை மாற்றிவிடும்.

ஆகவே மென்மையானதிலிருந்து தொடங்க வேண்டும். கோல்ஷ், பில்ஸ்னர் போன்றவை முதலில், அடுத்து கோதுமை பியர், பேல் ஏல், பிறகு இந்தியா ரெட் ஏல் போன்ற செந்நிற வகைகள், அதன்பின் ஐ.பி.ஏ.; வறுத்த மணமுடைய ஸ்டவுட் இறுதியில். செர்ரிப் பழத்தோடு ஊறவைத்த புளிப்பு பியர் ஏதேனும் இருந்தால், டபுள் மவுண்டனில் டெவில்ஸ் க்ரீக் என்ற பெயரில் அப்படி ஒன்று உண்டு, அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கான செர்ரி நிறுவனரின் சொந்தத் தோட்டத்திலிருந்து வருவது.

சைடரை இந்த வரிசைக்கு இடையில் நுழைக்கக் கூடாது. பியருக்குக் கைப்பூட்டும் ஹாப்ஸ் என்னும் பூவின் கைப்பு நாவில் படிந்திருக்கும்போது சைடரின் புளிப்பு வெறும் கூர்மையாகவே தெரியும், பழம் காணாமல் போய்விடும். முதலில் சைடர், கால்மணி நேர இடைவெளி, பிறகு பியர் என்று வைத்துக்கொள்வதே எனக்கு நன்றாகப் பொருந்தி வந்திருக்கிறது. நேரம் இருந்தால் சைடருக்கு வேறொரு நாளையே ஒதுக்கலாம். குவளைகளுக்கு நடுவே வெறும் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும்.

கண், மூக்கு, வாய்

குவளை வந்ததும் எடுத்துக் குடித்துவிடாமல், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நுரை மெல்லியதாக, நெருக்கமாக நிற்கிறதா, உடனே உடைகிறதா? குவளையின் உட்சுவரில் குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் குவளை சரியாகக் கழுவப்படவில்லை என்று பொருள். எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கொன்றுவிடும். அப்படி இருந்தால் வேறு குவளை கேட்கத் தயங்க வேண்டாம். கலங்கலாக இருப்பது குறையென்று நினைத்துவிடவும் கூடாது. டபுள் மவுண்டனின் கோல்ஷ் வடிகட்டப்படாதது. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கோல்ஷ் கண்ணாடிபோல் தெளிந்திருக்க, இது மங்கலாக வருவது அவர்கள் விரும்பிச் செய்ததே.

பெரும்பாலும் பியர் மிகக் குளிர்ந்தே மேசைக்கு வரும். குளிரில் மணம் அடங்கிக் கிடக்கும். பேல் ஏலும் ஐ.பி.ஏ.வும் 8 முதல் 12 பாகை செல்சியஸ் வரையில் வாய் திறக்கும்; ஸ்டவுட்டுக்கு இன்னும் சற்று இளஞ்சூடு வேண்டும். உள்ளங்கைகளால் குவளையை அணைத்துச் சில நிமிடங்கள் வைத்திருந்தால் போதும். காத்திருக்கும் அந்த நேரத்தில் மூக்குக்கு வேலை கொடுக்கலாம். குவளையை மெல்லச் சுழற்றி, நீளமாக இழுக்காமல், இரண்டு மூன்று சிறு மூச்சுகளாக முகர வேண்டும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மனத்தில் முதலில் தோன்றிய சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பது இங்கேதான்: விளக்க அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பம்ப்ளிமாஸ் என்று அட்டையில் படித்துவிட்டால், மூக்கு பம்ப்ளிமாஸைத் தவிர வேறெதையும் தேடாது.

எதை எங்கே தேடுவது என்பதற்குச் சில அடையாளங்களைச் சொல்லலாம். முளைகட்டிக் காயவைத்த பார்லியாகிய மால்ட்டிலிருந்து ரொட்டி, சத்துமாவு, வறுகடலை, வெல்லப்பாகு, கருப்பட்டி போன்ற மணங்கள் வரும். கறுக்க வறுத்திருந்தால் காபிக்கொட்டையும் தீய்ந்த அப்பளமும் சேரும். ஈஸ்ட் தருவது பழங்களும் மசாலாப் பொருள்களும். ஜெர்மானியக் கோதுமை பியரில் வாழைப்பழமும் கிராம்பும் ஒருங்கே மணப்பது அதனால்தான். பழமும் கிராம்பும் யாரும் போட்டதல்ல. பெல்ஜியத்து வெள்ளை பியரிலோ மல்லி விதையை உண்மையாகவே இடித்துப் போடுகிறார்கள்; அதை நம்மைவிட விரைவாக யார் கண்டுபிடிக்க முடியும்?

ஹாப்ஸ் என்பது கொடியில் காய்க்கும் ஒருவகைப் பச்சைப் பூங்கொத்து. அமெரிக்காவில் விளைவதில் பெரும்பகுதி ஹுட் ரிவருக்கு வடகிழக்கே உள்ள யாகிமா பள்ளத்தாக்கிலிருந்தும் ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கிலிருந்தும் வருகிறது. ஓரிகனிலேயே உருவாக்கப்பட்டு 1972இல் வெளியிடப்பட்ட காஸ்கேட் என்ற வகைதான், பம்ப்ளிமாஸ் தோலையும் பூவையும் நினைவூட்டும் அமெரிக்க பியர் மணத்தைப் பரவலாக்கியது. பின்னால் வந்த சிட்ரா போன்ற வகைகளில் மாம்பழமும் லிச்சியும் தெரியும். சிலவற்றில் வெங்காயமோ பூண்டோ மணக்கும். மூக்கு தவறு செய்கிறது என்று எண்ண வேண்டாம், சில ஹாப்ஸில் அந்த மணம் உள்ளபடியே உண்டு. ஹாப்ஸைத் தொடக்கத்திலேயே போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தால் கைப்பு இறங்கும், மணம் ஆவியாகிவிடும்; அடுப்பை அணைக்கும் வேளையிலோ ஆறிய பிறகோ போட்டால் மணம் தங்கும். ரசத்தில் கொத்தமல்லித் தழையை இறக்கும்போது போடுவதன் காரணமும் இதுதான்.

இனி வாய். ஒரு மிடறு எடுத்து, நாக்கு முழுவதும் படரவிட்டு, பிறகு விழுங்க வேண்டும். ஒயின் சுவைப்போர் துப்பிவிடுவதைப் போல இங்கே செய்வதில்லை, ஏனென்றால் கைப்பின் முழுத்தன்மை தொண்டையில் இறங்கும்போதுதான் தெரியவரும். விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கின் வழியே மூச்சை வெளியே விட்டால், முகர்ந்தபோது தென்படாத மணங்கள் உள்ளிருந்து எழும். இதன் வலிமையை உணர விரும்புவோர், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு விழுங்கி, பிறகு விரல்களை எடுத்துப் பார்க்கட்டும்.

கைப்பை அளக்கும்போது அதன் அளவைவிட அது எப்படி விடைபெறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாக வற்றலிட்டு வறுத்த சுண்டைக்காயின் கைப்பு வந்து, நின்று, வாயைத் தெளிவாக்கிவிட்டுப் போய்விடும்; வேப்பங்கொழுந்தின் கைப்பு அடிநாக்கைப் பற்றிக்கொண்டு விடாது. நல்ல ஐ.பி.ஏ. முதலாவதைப் போன்றது. இதில் தண்ணீருக்கும் பங்குண்டு. மவுண்ட் ஹுட்டின் ஊற்றுகளிலிருந்து ஊருக்கு வருவது தாதுக்கள் குறைந்த மென்னீர். சல்பேட் மிகுந்த தண்ணீரில் கைப்பு வறண்டு கூர்மையாக நிற்கும். மென்னீரில் அது உருண்டையாக வரும். வடக்கே வேறோர் ஊரின் ஐ.பி.ஏ.வை அருகில் வைத்துச் சுவைத்தால் வேறுபாடு பிடிபடலாம், ஆனால் காய்ச்சுபவர்கள் தண்ணீரில் உப்புகளைச் சேர்த்துத் திருத்துவதும் வழக்கம் என்பதால், எல்லாப் பெருமையையும் மலைக்கே கொடுத்துவிட முடியாது.

செப்டம்பர், அக்டோபரில் செல்ல வாய்த்தவர்கள் ஃப்ரெஷ் ஹாப் பியரைத் தவறவிடக் கூடாது. வழக்கமாக ஹாப்ஸைப் பறித்தவுடன் உலர்த்திவிடுவார்கள். பறிக்கும்போது அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர்தான். உலர்த்தாமல், ஒரு நாளைக்குள் கொடியிலிருந்து கொதிகலனுக்குக் கொண்டுசேர்த்துக் காய்ச்சுவது ஃப்ரெஷ் ஹாப். வயல்கள் சில மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பதால்தான் இது இங்கே இயல்பாக நடக்கிறது. டபுள் மவுண்டன் இந்தப் பருவத்தில் கில்லர் கிரீன், கில்லர் ரெட் என்று இரண்டைச் செய்கிறது. மணத்தைச் சொல்வதானால், அன்றே அறுத்த புல்லும் கசக்கிய எலுமிச்சை இலையும் சேர்ந்தது போலிருக்கும். சில வாரங்களில் அந்தப் பசுமை மங்கிவிடும்.

சைடர்

சைடர் என்பது ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துச் செய்வது. கொதிக்கவைப்பது இல்லை, தானியம் இல்லை. பியரைத் தேடிப் போன நாக்கோடு அதை அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆப்பிளின் மணம் வந்தவுடன் இனிப்பை எதிர்பார்த்துவிடுவது எல்லோரும் செய்யும் முதல் பிழை. ஈஸ்ட் சர்க்கரையை முழுவதும் தின்றுவிட்டால் சைடரில் இனிப்பே இராது, ஆனால் பழத்தின் மணம் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய, மூக்கைப் பிடித்துச் சுவைக்கும் பயிற்சியை இங்கேயும் செய்து பார்க்கலாம்.

நாவில் தேட வேண்டியவை மூன்று: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு. புளிப்பு மாலிக் அமிலத்தால் வருவது. பற்களின் ஓரத்தில் கூச்சமாகவும் நாக்கின் பக்கங்களில் எச்சில் ஊறுவதாகவும் உணரலாம். துவர்ப்பு டானினால் வருவது. அது எச்சிலைச் சுருக்கி, நாவையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிக்கும். இந்த உணர்வை ஆங்கிலத்தில் விளக்கப் புதியவர்களுக்கு நெடுநேரம் எடுக்கிறது, கைப்போடு குழப்பியும் கொள்கிறார்கள். நமக்கோ நாவல்பழம் தின்றபின் நாக்கு ஒட்டிக்கொள்வதைச் சொன்னால் போதும். நாவல்பழம், செங்காயாகத் தின்ற கொய்யா, வாழைப்பூ என்று துவர்ப்பில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை நாம் அறிவோம்; குவளையில் இருப்பது இவற்றில் எந்தப் படி என்று எழுதிக்கொண்டால் அதுவே நல்ல குறிப்பு.

இந்த மூன்றையும் தீர்மானிப்பது ஆப்பிளின் வகை. இங்கிலாந்தில் சைடருக்கென்றே வளர்க்கப்படும் டாபினெட், கிங்ஸ்டன் பிளாக் போன்றவற்றில் துவர்ப்பு மிகுதி, பச்சையாகக் கடித்துத் தின்ன அவை உதவா. ஹுட் ரிவர் பள்ளத்தாக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டவுன், ஸ்பிட்சன்பர்க் என்ற தின்னும் ஆப்பிள்களுக்குப் பேர்போனது. 1919ஆம் ஆண்டின் கடுங்குளிரில் ஆப்பிள் மரங்கள் பெருமளவு பட்டுப்போக, விவசாயிகள் பேரிக்காய்க்கு மாறினார்கள். இன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் பேரிக்காயே தலைமைப் பயிர். தின்னும் ஆப்பிளில் செய்த சைடர் வெளிறிய நிறமும் நேரான புளிப்பும் கொண்டு, துவர்ப்பு குறைந்து இருக்கும். சைடர் ஆப்பிள்களைக் கலந்தால் நிறம் தேன்போல் ஆழ்ந்து, வாயில் கனம் கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சுவைப்பதைவிடச் சிறந்த பாடம் சைடரில் இல்லை என்பேன். பேரிக்காயில் செய்தது கிடைத்தால் அதையும் ஒரு குவளை கேளுங்கள். பேரிக்காயில் சார்பிடால் என்ற இனிப்புப் பொருள் உண்டு. ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. அதனால் முழுவதும் நொதித்த பிறகும் மெல்லிய, வழுவழுப்பான இனிப்பு எஞ்சும்.

குறைகளை அறிதல்

வெயில் நாளில் வெளி முற்றத்தில் அமர்ந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஹாப்ஸ் மிகுந்த பியரை இரு சிறு குவளைகளில் ஊற்றி, ஒன்றை நேர் வெயிலிலும் மற்றொன்றைக் குடை நிழலிலும் பத்து நிமிடம் வைத்து முகர்ந்து பாருங்கள். நிழலில் இருந்தது நார்த்தங்காய்த் தோலாக மணக்க, வெயிலில் இருந்ததிலிருந்து எரிந்த ரப்பரும் நாள்பட்ட வியர்வையும் கலந்தாற்போன்ற வாடை எழும். ஒளி பட்டதும் ஹாப்ஸின் கைப்புப் பொருள் சிதைந்து, கந்தகம் கலந்த வேறொரு பொருளாக மாறிவிடுவதே காரணம். பழுப்பு நிறப் புட்டி எதற்காக என்பது அதற்குப் பிறகு மறக்காது.

வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மணந்தால் நொதித்தல் முழுமையாக முடியவில்லை, அல்லது குழாய்களில் தூய்மை இல்லை. வேகவைத்த சோளம், நனைந்த அட்டைப்பெட்டி, பியரில் பச்சை ஆப்பிள் தோல் ஆகியவையும் குறைகளே. அட்டைப்பெட்டி வாடை பழையதாகிவிட்டதைக் காட்டும். சைடரில் காடி நெடி அடித்தால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஒளிந்திருப்பது எலிவாடை. அதை எவ்வளவு முகர்ந்தாலும் காண முடியாது; சைடரின் புளிப்பில் அது அடங்கிக் கிடக்கும். விழுங்கிச் சில நொடிகள் கழித்து, எச்சில் அந்தப் புளிப்பைத் தணித்த பிறகே, எலிப்புழுக்கை கிடந்த பழைய பெட்டியைத் திறந்தாற்போல் அடிநாக்கில் எழும்பும். சிலருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே சைடரின் ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் அரை நிமிடம் காத்திருந்துதான் தீர்ப்பு எழுத வேண்டும்.

குறை தென்பட்டால் பணிவோடு சொல்லலாம். ஒருமுறை வேறோர் ஊரில் வெண்ணெய் மணத்த பியர் ஒன்றைத் திருப்பிக் காட்டினேன். ஊற்றித் தந்தவர் தாமும் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, அந்தக் குழாயையே அன்றைக்கு மூடிவிட்டார். சிறு ப்ரூவரிகளில் சொல்லும் சொல் காய்ச்சுபவரின் காதுக்குப் போய்ச் சேரும்.

எல்லாக் குவளைகளும் முடிந்ததும், முதல் குவளையில் ஒரு மிடறு மிச்சம் வைத்திருந்தால் அதை எடுத்து மீண்டும் சுவைத்துப் பாருங்கள். குளிர் நீங்கி, நுரை அடங்கி, அது வேறொன்றாகியிருக்கும். முதலில் எழுதிய சொல்லுக்குக் கீழேயே இப்போது தோன்றும் சொல்லையும் எழுதுங்கள். பிடித்தவற்றைப் புட்டியில் வாங்கிச் செல்வதானால், அடைத்த தேதியைப் பார்த்து வாங்கி, நிமிர்த்தி, இருட்டில், குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஐ.பி.ஏ.வையும் கோல்ஷையும் இரண்டொரு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும், ஃப்ரெஷ் ஹாப்பை அந்த வாரமே. துவர்ப்பு மிகுந்த சைடர் மட்டும் ஓராண்டு காத்திருக்கும். இரண்டு புட்டி வாங்கி ஒன்றை இப்போதும் மற்றொன்றை அடுத்த அறுவடைக் காலத்திலும் திறந்து, இரண்டு நாளும் எழுதிய குறிப்புகளை அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள்.